வால்ட்ராவுட்டின் திரையில்லா ஜன்னல்கள்

2001 அக்டோபரில் நியூ ஜெர்சித் தமிழர்களில் பயப்படாதவர் என்று யாராவது இருந்திருந்தால், அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தவராகத்தான் இருந்திருப்பார்.  இரட்டைக் கோபுரங்கள் விழுந்த புகை இன்னும் அடங்கவில்லை. கார் வைத்திருந்தவர்கள் காரில் அமெரிக்கக் கொடி கட்டினார்கள்; முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கட்டியவர்களும் உண்டு. ஐசலின் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் பொம்மைக்கு உடுத்தியிருந்த பட்டுப்புடவையின் மேலேயே கொடியைக் குத்தி வைத்தார். பெண்களின் பொட்டு கடுகளவாகச் சிறுத்தது. பெட்ரோல் போடும் இடத்தில் எவனோ கத்தினான், பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். இதெல்லாம் போதாதென்று வெள்ளைப் பொடி வேறு வந்து சேர்ந்தது. யாரோ ஒரு படுபாவி கடித உறைக்குள் ஆந்த்ராக்ஸ் கிருமியைப் பொடியாக்கிப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தான். அந்தக் கடிதங்கள் நியூ ஜெர்சியிலிருந்துதான் தபாலில் போயின என்று டிவியில் சொன்னார்கள். அன்றிலிருந்து கரண்ட் பில்லைக்கூட நம் ஆட்கள் கையால் தொடவில்லை.

தனபாக்கியத்துக்குப் பயம் என்பது புதிய விஷயமே அல்ல. பெருந்துறைப் பக்கத்திலிருந்து 1994-ல் வந்தவள். வந்த நாளிலிருந்தே போன் அடித்தால் பயம், கதவைத் தட்டினால் பயம், ஃப்ரீவேயில் ஏறப் பயம். கணவன் வெள்ளியங்கிரி சாஃப்ட்வேர்க்காரன். அவன் வேலையைப் பிடித்துக்கொண்டு அவன் விசா தொங்கியது. அவன் விசாவைப் பிடித்துக்கொண்டு இவள் தொங்கினாள். கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் எங்கோ ஒரு ஆபீசில் கிடந்தது. கம்பெனிகளோ அந்த வருஷம் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. "எங்கயும் நம்ம பேரு அடிபடக் கூடாது பாக்கியம். ஒரு பார்க்கிங் டிக்கெட்டுல கூட" என்பது வெள்ளியங்கிரி தினமும் ஓதிய மந்திரம்.

இப்படிப்பட்டவள்தான் அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், நான்கு போலீஸ் கார்களையும் ஒரு தீயணைப்பு வண்டியையும் ஒருசேர வரவழைத்தாள். எப்படி வரவழைத்தாள் என்று சொல்வதற்கு முன்னால் வால்ட்ராவுட் அம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இது அவர் கதை.

வால்ட்ராவுட் அம்மாள் ஓவியர். அப்படியென்றால் பெரிய அருங்காட்சியகங்களில் படம் மாட்டியவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிறவரின் மகளாகப் பிறந்தவர். போர் முடிந்து, ஊரே இடிந்து கிடந்தபோது வந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஒருவரான ஃபிராங்கைக் கல்யாணம் செய்துகொண்டு ஜெர்சிக்கு வந்தார். ஃபிராங்க் லாரி மெக்கானிக். அம்மாள் கடைகளின் கண்ணாடியில் எழுத்தும் படமும் வரைந்து கொடுத்தார்: கறிக்கடைக்குப் பன்றி, மருந்துக் கடைக்கு மருந்து இடிக்கிற சின்ன உரல், கிறிஸ்துமஸ் வந்தால் எல்லாக் கடைக்கும் பனியும் நட்சத்திரமும். அது வயிற்றுக்கு. மனசுக்கென்று வீட்டில் உட்கார்ந்து கான்வாஸில் வரைந்ததெல்லாம் ஒன்றே ஒன்று, ஜன்னல். ஒவ்வொரு படத்திலும் ஒரு ஜன்னல், இழுத்து மூடிய திரை, திரையின் நடுவே ஒரு விரல் அகல இடுக்கு. இடுக்குக்குப் பின்னால் இருட்டு.

ஃபிராங்க் இறந்துபோன பிறகு, பிள்ளை குட்டி இல்லாத அம்மாள் வீட்டை விற்றார். பிஸ்கட்டவேயை ஒட்டிய ஒரு சிற்றூரில் மூடிக் கிடந்த சலவைக் கடையை 1991-ல் வாங்கினார். கதவுக்கு இருபுறமும் தரையிலிருந்து கூரை வரை இரண்டு பெரிய கண்ணாடி ஜன்னல்கள். சலவை மெஷின்களைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையைத் தேய்த்து, சுவரில் தன் ஜன்னல் படங்களை மாட்டி, 'கலாச்சார மையம்' என்று தானே கண்ணாடியில் எழுதினார். எந்த நாட்டுக் கலாச்சாரம் என்று எழுதவில்லை. யார் கேட்டாலும் இடம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை போலந்துக் கிழவிகள் பாடினார்கள், வெள்ளிக்கிழமை போர்ட்டோ ரீக்கோப் பையன்கள் மேளம் அடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை நம்மவர்களின் தமிழ் வகுப்பு. அம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், ஜன்னலுக்குத் திரை போடக் கூடாது.

"இத்தனை ஜன்னல் வரைஞ்சிருக்காளே, ஒரு மனுஷாளை வரையப்படாதோ?" என்று தமிழ் வகுப்பை நடத்திய ராமசுப்ரமணியன் மாமா தமிழில் சத்தமாகவே கேட்பார். அம்மாள் அவரைப் பார்த்து அன்பாகத் தலையாட்டுவார்.

தனபாக்கியத்தின் அப்பார்ட்மெண்ட் அங்கிருந்து நடக்கிற தூரம். கார் ஓட்டப் பயந்தவளுக்கு நடந்து போக வேறு இடம் எது? கைக்குழந்தை எழிலரசியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அங்கேதான் போய் உட்காருவாள். கதவைத் திறந்து வைக்க, நாற்காலி போட என்று கூடமாட ஒத்தாசை செய்தாள். கொஞ்ச நாளில் சாவியும் அவள் கைக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் பேசியது இங்கிலீஷ்தான். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி, அதனால் ஒருவர் தப்பை ஒருவர் கண்டுகொள்ளவில்லை.

அங்கேதான் அவளுக்கு ஒரு வாசல் கிடைத்தது. அப்பார்ட்மெண்டில் கதவுக்கு வெளியே கார்பெட் போட்ட நடை. ஒரு புள்ளி வைத்ததற்கே எறும்பு வரும் என்று மேனேஜர் சத்தம் போட்டார். மையத்தின் வாசல் நல்ல சிமெண்ட் தரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சரிசி மாவால் சின்னதாக ஒரு கோலம் போட்டுப் பார்த்தாள். வால்ட்ராவுட் அம்மாள் வந்து கைகட்டி நின்றுகொண்டு முடிகிறவரை பார்த்தார். "நான் ஆயுசு பூராவும் கண்ணாடியில் வரைந்தேன். யாரும் தொடக் கூடாது என்று காவல் காத்தேன். நீ மிதிக்கிற இடத்தில் வரைகிறாயே!" என்றார். சொன்னாரே தவிர அவர் ஒரு நாளும் மிதித்ததில்லை. முட்டிவலியோடு சுற்றிக்கொண்டு ஓரமாகத்தான் போவார். அதன்பின் ஞாயிறு தவறாமல் அங்கே கோலம் உண்டு.

ஒரு தடவை, சும்மா இருக்கிறோமே, பதிலுக்கு ஏதாவது செய்வோம் என்று தனபாக்கியம் தன் பழைய புடவைகளை வெட்டி, ஓரம் தைத்து, அந்தப் பெரிய ஜன்னல்களுக்கு அளவாகத் திரை தைத்துக்கொண்டு போனாள். பிரித்துக் காட்டியதும் அம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. அவளை உட்கார வைத்துச் சொன்னார்.

"எனக்கு எட்டு வயது. ஹிட்லர் காலம். எங்கள் வீட்டுக்கு எதிரே பட்டன் கடை. கடைக்கார அம்மா யூதப் பெண். எப்போது போனாலும் ஜோடி தவறிய பட்டன் ஒன்று எனக்குத் தருவாள். நவம்பர் மாதம் ஒரு நாள், தெருவில் கண்ணாடி உடைகிற சத்தம். என் அப்பா ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடினார். வெளியே ஒன்றுமில்லை, யாரும் பார்க்காதீர்கள் என்றார். நான் இடுக்கில் பார்த்தேன். அவளைத் தெருவில் முட்டி போட வைத்திருந்தார்கள். அவள் எங்கள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்."

"அப்புறம்?"

"அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் தெரு பூராவும் பட்டன். என் அப்பாவுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை இருந்தது. கண்ணாடி பொருத்துகிறவர் இல்லையா? நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம்."

 தனபாக்கியம் திரைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குத்தான் சுவரில் இருந்த அந்த இடுக்குகளுக்கு அவளுக்கு அர்த்தம் புரிந்தது.

ஆகவே, அந்த அக்டோபர் ஞாயிறன்று அவள் செய்தது தெரியாமல் செய்த காரியம் அல்ல. விஜயதசமி வெள்ளிக்கிழமையே போய்விட்டது. ஆனால் அமெரிக்காவில் சரஸ்வதி சனி ஞாயிறு வரை காத்திருப்பாள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூஜை வைத்து, சின்னக் குழந்தைகளை அரிசித் தட்டில் 'அ' எழுத வைப்பதாக ஏற்பாடு. முதல் நாள் ராமசுப்ரமணியன் மாமா போன் செய்தார்.

"பூஜையை விடப்படாது, ஓகே. ஆனா அந்தக் கண்ணாடி வழியா ரோட்டுல போறவன் எல்லாம் நம்மளைப் பாப்பான். இத்தனை இண்டியன்ஸ் ஒரே எடத்துல, அதுவும் இந்தச் சமயத்துல! குழந்தைகள் இருக்கு. உன்கிட்டதானே கீ இருக்கு? கிழவி சர்ச்லேர்ந்து வர்றதுக்குள்ள எதையாவது போட்டு கவர் பண்ணிடும்மா."

"அவங்களுக்குத் திரைன்னா புடிக்காதுங்க அங்கிள்."

"ஒரு மணி நேரம்மா! யாராவது கல்லை விட்டு எறிஞ்சா யாரு ரெஸ்பான்ஸிபிள்?"

பக்கத்தில் நின்ற வெள்ளியங்கிரி, "அவர் சொல்றது கரெக்ட்டுதான். போட்டுரு" என்றான். தனபாக்கியம் எழிலரசியின் முகத்தைப் பார்த்தாள். கல் என்ற சொல்லே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

முன்பு தைத்த திரைகள் எப்போதோ தலையணை உறைகளாகிவிட்டிருந்தன. காலையில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, இரண்டு ஜன்னல்களையும் புடவைகளால் மூடினாள். வெளிச்சம் ஊடுருவாத கனத்தில் அவளிடம் இருந்தது முகூர்த்தப் புடவை ஒன்றுதான்; அரக்குப் பட்டு. அது வலது ஜன்னலுக்கு; அகலம் போதாமல் பக்கத்தில் பழைய புடவை ஒன்று. மூடி முடித்ததும் ஹாலே சிவந்த இருட்டாயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. நம்பிச் சாவி கொடுத்தவருக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று நெஞ்சு உறுத்தியது. உறுத்தலுக்கு அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என்றைக்கும் போடாத அளவுக்குப் பெரிய கோலமாக, கதவை அடைத்து, நடைபாதை வரைக்கும் வருகிற மாதிரி, இழை இழையாகப் போட்டாள். அந்த மாதத்தில் அவள் பயமில்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். வெள்ளைப் பொடி என்ற நினைப்பே அவள் மனசில் வரவில்லை. கோலமாவைக் கிருமியோடு சேர்த்து நினைக்க எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குத்தான் தோன்றும்? கோலத்தை மிதிக்கக் கூடாது என்று வந்தவர்கள் எல்லோரும் பின்கதவு வழியாகவே வந்தார்கள்.

வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடி முழுக்கத் துணி. பின்பக்கமாகக் கருத்த ஆட்கள் அலுமினியத் தாள் சுற்றிய பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு நுழைகிறார்கள். முன்வாசலில் ஒரு படி வெள்ளைப் பொடி. எவரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவரும் பயந்தவர்தான்.

வால்ட்ராவுட் அம்மாள் சர்ச்சிலிருந்து வந்து பின்கதவைத் திறந்தார். உள்ளே இரண்டடி வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். சிவந்த இருட்டில் சுண்டல் வாசனையும் குழந்தைகள் சத்தமுமாக இருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, புடவைகளைத்தான் பார்த்தார்.

"யார் செய்தது?"

"நான்தான்" என்றாள் தனபாக்கியம். 

"சேஃப்டிக்காக" என்று மாமா குறுக்கே வந்தார். "குழந்தைகளோட சேஃப்டிக்காக, மேடம்."

"தெரியும்" என்றார் அம்மாள். "என் அப்பாவும் அதற்காகத்தான் மூடினார்."

  அவர் மெல்ல ஜன்னலருகே போய் முதல் கிளிப்பில் கை வைக்கவும், வெளியே டயர்கள் கிறீச்சிட்டு நிற்கவும் சரியாக இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கார்க் கதவுகள் அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் ஒரு குரல்: உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருங்கள். எந்தக் கதவையும் திறக்காதீர்கள்.

 ஒரு குழந்தை மட்டும் சுண்டல் கேட்டு அழுதது, அதன் வாயை அம்மாக்காரி பொத்தினாள். எழிலரசி தனபாக்கியத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஆர் தே மேட் அட் அஸ்?" என்றாள். தனபாக்கியம் அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

சுவரில் இருந்த போன் அடித்தது. யாரும் நகரவில்லை. வால்ட்ராவுட் அம்மாள்தான் போய் எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர், போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். "வாசலில் வெள்ளைப் பொடி போட்டது யார் என்று கேட்கிறார்கள்."

அந்த நிமிஷத்தில்தான் தனபாக்கியத்துக்கு விளங்கியது.  மாவு டப்பா இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. வெள்ளியங்கிரி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"வாயத் தொறக்காத. பேரு கேப்பாங்க. இந்த டைம்ல ஆந்த்ராக்ஸ் கேஸ்ல பேரு ஏறுச்சுன்னா கிரீன் கார்டு அவ்ளோதான். டிப்போர்ட் பண்ணிருவாங்க பாக்கியம்."

அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவன் பிடித்திருந்த பிடி தெரிந்தது. மணிக்கட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், தனபாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனில், "நான்தான் போட்டேன். இடம் என்னுடையது" என்றார். தனியாக, கையைத் தூக்கிக்கொண்டு முன்கதவு வழியாக வரச் சொன்னார்கள். மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். போகும்போது தனபாக்கியத்தின் கன்னத்தை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

தனபாக்கியம் ஜன்னலுக்கு ஓடினாள். இரண்டு புடவைகளுக்கு நடுவே ஒரு விரல் அகல இடுக்கு இருந்தது. அதில் கண்ணை வைத்தாள். தெருவை அடைத்துக்கொண்டு வண்டிகள். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக இரண்டு பேர். முன்னால் ஒரு இளம் போலீஸ்காரர், துப்பாக்கி உறையில் கை வைத்தபடி. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. கண்ணாடி வழியாகப் பேச்சு அரைகுறையாகக் கேட்டது.

"அது என்ன பொடி?"

"அரிசி மாவு."

"எதற்கு?"

"படம். நான் ஓவியர்."

"மிச்ச மாவு எங்கே? எதில் கொண்டுவந்தீர்கள்?"

 ஒரு பையில், என்றார் அம்மாள். எந்தப் பை, அது எங்கே, காட்டுங்கள் என்று கேட்டார்கள். அவரிடம் ஏது பை? பொய் சொல்லிப் பழகாதவர், அடுத்த பொய் அவருக்கு ஓடவில்லை. மிச்சப் பொடி உள்ளே குழந்தைகளோடு இருக்கிறதா என்று போலீஸ்காரர் குரலை உயர்த்தினார். அம்மாளின் கைகள் மெல்லத் தாழ்ந்தன. கையைக் கீழே போடாதீர்கள், திரும்பி நின்று முட்டி போடுங்கள் என்று கத்தினார்.

எழுபதைத் தாண்டிய அம்மாள், படி ஏறவே கைப்பிடியைத் தேடுகிறவர், ஒரு கையைத் தரையில் ஊன்ற முடியாமல், இரண்டு கையையும் தூக்கியபடியே முட்டி போட்டார். விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக ஓரமாகச் சுற்றிப் போனவர் அந்தக் கோலத்தின் நடுவிலேயே முட்டி போட்டார். வலியில் முகம் கோணியது. தலையை நிமிர்த்தினார். நேராக ஜன்னலைப் பார்த்தார்.

அவருக்கு உள்ளே இருப்பவர் யாரும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இழுத்து மூடிய திரை, நடுவில் ஒரு இடுக்கு, பின்னால் இருட்டு. அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

"ஏனுங்க, அவங்க முட்டி போட்டுட்டு இருக்காங்க" என்றாள் தனபாக்கியம்.

"பாக்காத. இப்படி வந்துரு. அவங்க சிட்டிசன், அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"பாக்காதன்னா சொல்றீங்க?"

 தனபாக்கியத்துக்குத் தைரியம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய்.  எழிலரசியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். மறுபடி பிடிக்க வந்த கணவனின் கையை உதறினாள். முகூர்த்தப் புடவையை முன்கையில் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். கிளிப்புகள் தெறித்தன, ஜரிகை கிழிந்தது, ஹாலுக்குள் பகல் வெளிச்சம் கொட்டியது. வெளியே நாலைந்து துப்பாக்கிகள் ஜன்னல் பக்கம் திரும்பின. உள்ளே யாரோ வீரிட்டார்கள்.

அவள் கண்ணாடியை ஒட்டி நின்றாள். டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். மூடியைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு பிடி மாவைக் கொட்டி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டாள். பச்சை மாவு, எச்சில் வற்றிய வாய். விழுங்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிய மென்று மென்று விழுங்கினாள். பிறகு மாவு ஒட்டிய கையால் தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினாள். நான், நான். சத்தம் வெளியே போனதோ என்னவோ, அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.

வெளியே யாரும் அசையவில்லை. பிறகு அந்த இளம் போலீஸ்காரர் உறையிலிருந்து கையை எடுத்தார்.

அதன்பின் நடந்ததெல்லாம் நீண்டது, அலுப்பானது. எல்லோரையும் பின்பக்கமாக வெளியேற்றி வரிசையில் நிற்க வைத்தார்கள். மாவு டப்பாவைப் பைக்குள் பை போட்டு எடுத்துப் போனார்கள். 'அ' எழுத வைத்திருந்த அரிசித் தட்டும் போயிற்று. அம்மாளின் காலுறையில் ஒட்டியிருந்த மாவை ஒரு முகமூடிக்காரர் சுரண்டி எடுத்தார். கோலத்தை மருந்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டார்கள். பரிசோதனையில் அரிசி மாவு அரிசி மாவாகவே இருந்தது.

பெயர் எழுதிக்கொள்ள அந்த இளம் போலீஸ்காரரே வந்தார். தனபாக்கியம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பாதியில் அவர் பேனாவை நிறுத்தி, சுருக்கமாக ஏதாவது பெயர் உண்டா என்று கேட்டார். வெள்ளியங்கிரி பக்கத்தில் தலையில் கைவைத்து நின்றான். "இல்லை. முழுசாக எழுதுங்கள்" என்றாள். 

வால்ட்ராவுட் அம்மாள் ஆம்புலன்ஸின் பின்படியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். தனபாக்கியம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஸாரி ஆன்ட்டி, திரை போட்டிருக்கக் கூடாது" என்று அழுதாள்.  அம்மாள் மாவு படிந்த அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"என் அப்பா திறக்கவே இல்லை" என்றார்.

அந்த வருஷம் முடிகிறவரை கிரீன் கார்டு வரவில்லை. எல்லோருக்கும் தாமதமாகிறது என்று வக்கீல் சொன்னார். வெள்ளியங்கிரி நம்பவில்லை. தனபாக்கியமும் முழுசாக நம்பவில்லை. கதவு தட்டப்படும் போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமசுப்ரமணியன் மாமா வகுப்பைத் தன் வீட்டு பேஸ்மெண்டுக்கு மாற்றினார், அங்கே ஜன்னலே கிடையாது.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தனபாக்கியம் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வெள்ளியங்கிரி தடுக்கவில்லை, எழிலரசியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்தான். கண்ணாடி இரண்டும் துடைத்து வைத்தது போலிருந்தன. உள்ளே வால்ட்ராவுட் அம்மாள் முட்டியில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனபாக்கியம் புது மாவுப் பாக்கெட்டைப் பிரித்து வாசலில் குனிந்தாள். புள்ளி வைத்தாள். புள்ளிகள் வரிசை தப்பின. அழிக்கவில்லை. முதல் இழையை இழுக்கும்போது தெருமுனையில் ஒரு போலீஸ் கார் திரும்பியது. வேகம் குறைந்தது. அவளுக்கு நேராக வந்து நின்றது. எழுந்து உள்ளே ஓடிவிடத்தான் கால் துடித்தது, உள்ளங்கை வேர்த்து மாவு பிசுபிசுத்தது. விரலை முந்தானையில் துடைத்தாள். இன்னொரு கிள்ளு மாவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த இழையை இழுத்தாள்.